சபாநாயகர் இருக்கையும் சத்துணவுக் கூடமும்
ப.தனபாலின் அரசியல் வாழ்வை முன்வைத்து



இலக்கிய அரங்கில் ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். நம் மக்களிலிருந்து சட்டமன்றம் போனவர்களின் வாழ்க்கை வரலாறுகள் நம்மிடம் மிகக் குறைவு. அவர்கள் ஜெயித்த அன்று வெடி வெடிக்கிறோம், இறந்த அன்று சுவரொட்டி ஒட்டுகிறோம். இடையில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், அந்தப் பதவி அவர்களுக்கு எதைக் கொடுத்து எதை மறுத்தது என்று எழுதி வைக்க மறந்துவிடுகிறோம். அதனால்தான் இந்த ஆண்டு உரைக்கு ஓர் உறுப்பினரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டோம். அவர் ப.தனபால். தமிழ்நாடு சட்டமன்றத்தின் சபாநாயகராக எட்டரை ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்; அருந்ததியர் சமூகத்தவர்.

இந்த உரையை சோமனூரில் நிகழ்த்துவதற்கும் ஒரு காரணம் உண்டு. சோமனூரில் தறி ஓட்டுகிற நாம் வாக்களிப்பது சூலூர் தொகுதியில். அது பொதுத்தொகுதி. கருமத்தம்பட்டி போய் நெடுஞ்சாலையில் ஏறினால், தெக்கலூர் வந்ததும் அவிநாசி வட்டம் வந்துவிடும். அது தனித்தொகுதி, தனபால் 2016-லும் 2021-லும் வென்ற தொகுதி. ஒரே சாலை, ஒரே தறிச் சத்தம், ஒரே வளவு. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் நம்மவர் ஒருவரைத்தான் நிறுத்தியாக வேண்டும் என்கிறது சட்டம். இந்தப் பக்கம் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லாததால் பெரிய கட்சிகள் நம்மவரை நினைப்பதே இல்லை. அந்தக் கோட்டிலிருந்தே பேச்சைத் தொடங்குவோம்.

மூன்று தொகுதிகள், ஏழு வெற்றிகள்

சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தனபால் முதன்முதலில் சட்டமன்றத்துக்குள் நுழைந்தது 1977-ல், சங்ககிரி தனித்தொகுதியிலிருந்து. எம்.ஜி.ஆர். முதல்முறையாக ஆட்சியைப் பிடித்த தேர்தல் அது. அப்போது தனபால் இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். 1980, 1984 தேர்தல்களிலும் அதே தொகுதியில் வென்றார். அடுத்த வெற்றி 2001-ல்தான். இடையில் பதினேழு ஆண்டுகள். அந்தக் காலத்தில் எம்.ஜி.ஆர். மறைந்தார், கட்சி உடைந்து கூடியது, தலைமை ஜெயலலிதாவிடம் வந்தது. பத்தாண்டுக்கும் மேல் சட்டமன்றத்துக்கு வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வந்து வெல்வது எளிதல்ல. திரும்பியவர் ஜெயலலிதா அமைச்சரவையில் உணவுத்துறை அமைச்சரானார்.

2008-ல் தொகுதி மறுசீரமைப்பு ஆணை வந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோடுகள் மாற்றி வரையப்பட்டன. சங்ககிரி பொதுத்தொகுதியானது. நான்குமுறை வென்ற மண்ணில் தனபாலுக்கு இடமில்லாமல் போனது. சட்டப்படி அவர் அங்கே நிற்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் பொதுத்தொகுதியில் அருந்ததியர் ஒருவருக்குச் சீட்டுக் கொடுக்கும் வழக்கம் கொங்கு மண்டலத்தின் பெரிய கட்சிகளிடம் இல்லை. எனவே 2011-ல் ராசிபுரம் தனித்தொகுதிக்குப் போனார், வென்றார். 2016-ல் அங்கிருந்து அவிநாசிக்கு வந்தார். 2021-லும் அவிநாசியில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

கொங்கு மண்டலத்தின் பொதுத்தொகுதிகளில் பல தலைவர்கள் ஒரே ஊரில், ஒரே தொகுதியில் நின்று மூன்று தலைமுறைக்குச் செல்வாக்கைக் கட்டிக்கொள்கிறார்கள். கூட்டுறவுச் சங்கம், கல்லூரி, தறிக்குடோன், கோயில் கமிட்டி என்று எல்லாவற்றிலும் அவர்களுடைய வேர் ஓடுகிறது. தனித்தொகுதி உறுப்பினருக்கு அப்படி வேர்விட நிலமில்லை. கோடு நகர்ந்தால் அவரும் நகர வேண்டும். மூன்று மாவட்டங்களில் மூன்று தொகுதிகளில் வென்றது தனபாலின் திறமை என்று பாராட்டலாம், பாராட்டவும் வேண்டும். அதோடு சேர்த்து, எந்த ஊரிலும் அவர் நிலைகொள்ள முடியவில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

நம்மவருக்கு எதிராக நம்மவர்

தனித்தொகுதி என்பது என்ன? 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி அறிவித்தது. நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது அதன் பொருள். காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாச் சாதியினரும் சேர்ந்த கூட்டு வாக்காளரிடம் போனது. அம்பேத்கர் கடைசிவரை மனம் ஆறாத இடம் அது. வேட்பாளர் நம்மவராக இருப்பார், அவரை ஜெயிக்க வைப்பதும் தோற்கடிப்பதும் பிறர் கையில் இருக்கும் என்பதே அவர் கவலை.

இன்றைய கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. பெரும்பாலான தனித்தொகுதிகளில் பட்டியல் சாதி வாக்காளர்கள் பாதிக்கும் குறைவு. ஆகவே அங்கே வெல்ல வேண்டுமானால் ஊர்ப்பக்கத்தின் வாக்கு வேண்டும். ஊர்ப்பக்கம் வாக்களிக்க வேண்டுமானால் வேட்பாளர் ‘பிரச்சினை இல்லாத ஆளாக’ இருக்க வேண்டும். அதற்குமேல், சின்னம் கொடுக்கும் அதிகாரம் சென்னையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கைகட்டி நிற்கிற நிலை அது.

ராசிபுரத்தில் 2011-ல் தனபால் தோற்கடித்தது யாரை? தி.மு.க.வின் வி.பி.துரைசாமியை. அவர் 2006 முதல் 2011 வரை சட்டமன்றத்தின் துணை சபாநாயகர், அவரும் அருந்ததியர். வென்ற தனபால் அடுத்த துணை சபாநாயகரானார். 2021-ல் அவிநாசியில் தனபாலை எதிர்த்து உதயசூரியன் சின்னத்தில் நின்றவர் ஆதித்தமிழர் பேரவையின் இரா.அதியமான். அருந்ததியருக்கு உள் இடஒதுக்கீடு கேட்டுப் பல ஆண்டுகள் தெருவில் நின்றவர். தெருவில் நின்று சட்டம் கேட்டவரும், அவையில் மிக உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவரும் ஒரே தொகுதியில் மோதினார்கள். ஒருவர்தான் ஜெயிக்க முடியும். இருவரில் எவருக்கும் பக்கத்துச் சூலூரில் நிற்கும் வாய்ப்பு கொடுக்கப்படவில்லை. இதுவே தனித்தொகுதியின் கணக்கு: நம்மவர் வெல்வது உறுதி, நம்மவர் தோற்பதும் உறுதி.

விருந்தும் உணவுத்துறையும்

தனபாலின் வாழ்க்கையைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. அவர் தம் வீட்டில் கட்சிக்காரர்களுக்கு விருந்து வைத்தாராம். அவர் சாதி காரணமாகப் பலர் அங்கே சாப்பிடவில்லையாம். இது ஜெயலலிதாவின் காதுக்குப் போனதும், அவரை உணவுத்துறைக்கே அமைச்சராக்கினாராம்.

தலைவியின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே இந்தக் கதை இதுவரை சொல்லப்பட்டு வருகிறது. அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நம்மவர் வீட்டுச் சோற்றைத் தொடாதவர்கள் ரேஷன் அரிசிக்கு அவர் கையெழுத்தை எதிர்பார்த்து நின்றார்கள் என்பதில் ஒரு நியாயம் இருக்கவே செய்கிறது.

ஆனாலும் கதையை நம் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். ஒரு சட்டமன்ற உறுப்பினர் வீட்டில் இலை போட்டுக் காத்திருக்கிறார். உடன் உழைத்த கட்சிக்காரர்கள் கைநனைக்காமல் போகிறார்கள். அவர்கள்மீது கட்சி நடவடிக்கை எடுத்ததாக இந்தக் கதையில் இல்லை. அவமானப்பட்டவருக்குப் பதவி கிடைத்தது, அவமானப்படுத்தியவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கதையின் இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. பின்னால் நாம் அவிநாசிச் சமையற்கூடத்துக்குப் போகும்போது இந்த இலை மீண்டும் நம் முன்னால் வரும்.

பேசாத இருக்கை

2012 செப்டம்பரில் சபாநாயகர் து.ஜெயக்குமார் பதவி விலகினார். அக்டோபரில் தனபால் போட்டியின்றிச் சபாநாயகரானார். 2016-ல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு 2021 மே வரை அந்த இருக்கையில் இருந்தார். அவருக்கு முன்னால் நம்மவர் ஒருவர் அந்த இருக்கையில் இருந்தது எப்போது? 1946 முதல் 1955 வரை, ஜெ.சிவசண்முகம் பிள்ளை. 1937-ல் சென்னையின் முதல் தலித் மேயரானவர் அவர். அவர் அவைக்குத் தலைமை தாங்கிய காலத்தில்தான் 1947-ன் சென்னை ஆலய நுழைவுச் சட்டம் நிறைவேறியது. அவருக்கும் தனபாலுக்கும் இடையில் 57 ஆண்டுகள்.

சபாநாயகர் உள்ளே வந்தால் முதலமைச்சரும் எழுந்து நிற்கிறார். வணங்கியே அவருக்கு முன்னால் கடந்து போகிறார்கள். பேச விரும்புகிறவர் அவர் அனுமதியைக் கேட்க வேண்டும். கொங்குச் சீமையில் பண்ணையத்தில் கைகட்டி நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது நெஞ்சு நிமிர்ந்தார்கள். அந்த நிமிர்வு பொய்யல்ல.

ஆனால் அந்த இருக்கைக்கு ஒரு விதி இருக்கிறது. அதில் அமர்ந்தவர் விவாதத்தில் பங்கெடுக்க மாட்டார். கேள்வி நேரத்தில் கேள்வி கேட்க மாட்டார். கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவர மாட்டார். இரு பக்கமும் வாக்குகள் சமமானால் மட்டுமே அவருக்கு வாக்கு. எல்லாரையும் பேச அனுமதிப்பவர் தாம் மட்டும் பேச முடியாது. இது எல்லாச் சபாநாயகருக்கும் பொதுவான விதி, தனபாலுக்கென்று போட்டதல்ல. என்றாலும் அவையில் நம் சமூகத்துக்கென்று இருந்த மிகச் சில குரல்களில் மூத்த குரல் ஒன்று எட்டரை ஆண்டுகள் விதிப்படி மௌனமாக இருந்தது.

அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை? அவர் சபாநாயகராகி ஒரு மாதம்கூட ஆகாத 2012 நவம்பர் 7-ல் தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிக்கப்பட்டன. 2015 ஜூனில் திருச்செங்கோட்டிலிருந்து கடத்தப்பட்ட சேலம் மாவட்டத்துப் பொறியியல் பட்டதாரி ஒருவர் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2016 மார்ச் 13-ல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில், காதல் மணம் செய்த குற்றத்துக்காக ஒரு மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2019 டிசம்பர் 2-ல் மேட்டுப்பாளையம் நடூரில் பெரிய சுற்றுச்சுவர் வீடுகள்மேல் விழுந்து நம்மவர் 17 பேர் உறக்கத்திலேயே மடிந்தார்கள். எல்லாம் நம் மேற்கு மண்டலத்தில் நடந்தவை. இவற்றைப் பற்றிச் சட்டமன்றத்தில் எழுந்து உரத்துக் கேட்க வேண்டிய இடத்திலிருந்த ஒருவரை, எழுந்து கேட்க முடியாத இடத்தில் அமர்த்தியிருந்தோம். கௌரவத்துக்கு நாம் கொடுத்த விலை அது.

2017: ஒரே ஆண்டில் மூன்று காட்சிகள்

முதல் காட்சி பிப்ரவரி 18. எடப்பாடி பழனிசாமி அரசின்மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று தி.மு.க.வினர் கேட்டார்கள், சபாநாயகர் மறுத்தார். அவையில் மேசை நகர்ந்தது, ஒலிவாங்கி உடைந்தது, சபாநாயகர் இருக்கையில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் போய் அமர்ந்தார்கள். தாம் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர் என்பதால் இப்படி நடத்தப்படுவதாகத் தனபால் அவையிலேயே வேதனைப்பட்டார். தி.மு.க. அதை மறுத்தது. அரசு 122-க்கு 11 என்று வென்றது.

அவர் சொன்னது சரியா, அரசியல் தந்திரமா என்று அன்று நாடே விவாதித்தது. நமக்கு வேறொன்று பட்டது. நாற்பது ஆண்டு அரசியலில் மிக உயர்ந்த இடத்தை அடைந்த மனிதர், நெருக்கடி வந்ததும் வேறு எதையும் துணைக்கு அழைக்காமல் தம் பிறப்பைச் சொன்னார். இருக்கை எவ்வளவு உயர்ந்தாலும் அதன் கீழே அந்தப் பழைய அச்சம் இருந்திருக்கிறது. ரகசிய வாக்கெடுப்பை மறுத்த முடிவு விமர்சனத்துக்குரியதாக இருக்கலாம். அந்த அச்சம் உண்மையானதாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் இருக்க முடியும்.

இரண்டாம் காட்சி ஆகஸ்ட் மாதம். அ.தி.மு.க.வில் தினகரன் அணி முதலமைச்சருக்கு எதிராகத் திரும்பியது. சசிகலாவின் சகோதரர் திவாகரன், தனபாலை முதலமைச்சராக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். தமிழ்நாட்டுக்கு ஒரு தலித் முதலமைச்சர் என்ற பேச்சு சில நாட்கள் ஓடியது. யாரையோ இறக்குவதற்கு நம்மவர் பெயர் பயன்பட்டது. நம்மவரை ஏற்றுவதற்கென்று அந்தப் பேச்சு எழவே இல்லை.

மூன்றாம் காட்சி செப்டம்பர் 18. அதே தினகரன் அணியைச் சேர்ந்த 18 உறுப்பினர்களைக் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்கீழ் தனபால் தகுதிநீக்கம் செய்தார். 2018 ஜூனில் உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்கள். மூன்றாவது நீதிபதி எம்.சத்தியநாராயணன் அக்டோபர் 25-ல் தகுதிநீக்கம் செல்லும் என்றார். நீதிமன்றம் ஏற்ற முடிவு அது. ஆனால் பிப்ரவரி 18 அன்று அரசுக்கு எதிராக வாக்களித்த ஓ.பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர்மீதான புகாரில், அதே இருக்கையிலிருந்து அப்படியொரு வேகம் வரவில்லை. 2020-ல் உச்ச நீதிமன்றமும் முடிவைச் சபாநாயகரிடமே விட்டது; பேரவையின் காலம் முடியும்வரை முடிவு வரவில்லை. 18 பேர் ஆட்சிக்கு ஆபத்தாக இருந்தவர்கள், 11 பேர் ஆட்சியோடு திரும்பிச் சேர்ந்தவர்கள். மற்ற கட்சிகளின், மற்ற சாதிகளின் சபாநாயகர்களும் இப்படித்தான் நடந்துகொண்டார்கள் என்று பதில் சொல்லலாம். அந்தப் பதில் உண்மை. நம்மவர் அந்த இருக்கைக்குப் போனதும் இருக்கை மாறிவிடும் என்று நாம் எதிர்பார்த்திருந்தால், தவறு நம் எதிர்பார்ப்பில்.

அவிநாசியின் அடுப்பு

இப்போது அந்த இலைக்குத் திரும்புவோம். 2018 ஜூலை. அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சத்துணவுச் சமையலராக அருந்ததியர் பெண் ஒருவர் வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஊரில் ஒரு பகுதியினர் திரண்டு தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது என்ன? தடுத்தவர்களை விட்டுவிட்டுச் சமையலரை இடமாற்றம் செய்தார்கள். அமைப்புகள் போராடிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2025 நவம்பரில் திருப்பூர் சிறப்பு நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஏழு ஆண்டுகள் ஆயின.

அது சட்டமன்றத்தின் சபாநாயகருடைய சொந்தத் தொகுதி. உணவுத்துறைக்கு அமைச்சராக இருந்தவர் வென்ற மண். அவர் கோட்டையில் உயர்ந்த இருக்கையில் இருந்த அதே நாட்களில், அவர் சமூகத்துப் பெண் ஒருத்தி அரசு அடுப்பைத் தொட முடியவில்லை. அந்த நாட்களில் தனபால் தனிப்பட்ட முறையில் என்ன செய்தார் என்று விசாரிப்பது நம் நோக்கமல்ல. விருந்தில் கைநனைக்காத கட்சிக்காரருக்கும், பள்ளி வாசலில் திரண்ட ஊராருக்கும் இடையில் எதுவும் மாறவில்லை என்பதே நாம் பார்க்க வேண்டியது. மேலே ஒருவர் ஏறியதும் கீழே தானாக மாறும் என்று நம்பினோம். ஏணி ஒருவருக்கு மட்டும் போடப்பட்டிருந்தது.

கீழ்மட்டத்தில் நாற்காலியே பிரச்சினை. 2020 அக்டோபரில் நம் கோவை மாவட்டத்து ஜே.கிருஷ்ணாபுரம் ஊராட்சித் தலைவராக இருந்த பெண், தலைவர் நாற்காலியில் அமரக் கூடாது என்று மிரட்டப்பட்டதாகப் புகார் கொடுத்தார். சென்னையில் நம்மவர் சபாநாயகர் நாற்காலியில், கிராமத்தில் நம்மவர் நாற்காலி ஓரத்தில். 2023-ல் வந்த மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ படம் தொட்டது இந்த நாற்காலியைத்தான். வடிவேலு நடித்த அந்தச் சட்டமன்ற உறுப்பினரில் பலரும் தனபாலைக் கண்டார்கள். தம் கதையாக இருந்தால் அது அம்மாவுக்குக் கிடைத்த வெற்றி என்ற கருத்தில் தனபால் பதில் சொன்னார். படம் அமரும் உரிமையைப் பற்றிப் பேசியது, அவர் அமர்த்தியவரை நினைத்தார். ஐம்பது ஆண்டுக் கட்சி அரசியல் ஒரு மனிதருக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்பதை அந்தப் பதில் காட்டுகிறது.

எதைக் கொண்டு அளப்பது?

அப்படியானால் ஓர் உறுப்பினரை எதைக் கொண்டு அளப்பது? நூறு ஆண்டுகளுக்கு முன் போவோம். 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலையில் நடக்கவும், பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும், பொதுக் கட்டடங்களுக்குள் நுழையவும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என்று அது சொன்னது. நம் கோவையைச் சேர்ந்த ஆர்.வீரையன் அதே அவையில் நியமன உறுப்பினராக இருந்து, இந்த உரிமை கிராமங்களில் நடைமுறைக்கு வருகிறதா என்று விடாமல் கேள்வி எழுப்பியவர். அவருக்குத் தொகுதி இல்லை, வாக்கு வங்கி இல்லை, உயர்ந்த இருக்கை இல்லை. கேள்வி இருந்தது.

அண்மைக்கு வருவோம். அருந்ததியருக்கு 3 சதவீத உள் இடஒதுக்கீடு 2009-ல் சட்டமானது. நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரை அதற்கு அடிப்படை. அந்தக் குழுவை அமைக்க வைத்தது அருந்ததியர் இயக்கங்களும் இடதுசாரிகளும் நடத்திய போராட்டம். 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. நம் வளவுகளிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கும் பொறியியல் கல்லூரிக்கும் போகிற பிள்ளைகளின் பின்னால் இந்தச் சட்டம் நிற்கிறது. எந்த ஒரு தனி மனிதரின் பதவியும் இந்த அளவுக்கு நம் வீடுகளுக்குள் வந்ததில்லை.

ஆகவே தோழர்களே, தனபாலின் வாழ்க்கையை வெற்றிக் கதையாகவோ துரோகக் கதையாகவோ எழுதாதீர்கள். ஏழுமுறை வென்ற உழைப்பை எழுதுங்கள். நீண்ட காத்திருப்பை எழுதுங்கள். இலை போட்டுக் காத்திருந்த அந்த மதியத்தையும் எழுதுங்கள். அவருக்குச் சின்னம் கொடுத்த கை, அவருக்குக் குரலையும் கொடுத்ததா என்று கேட்டு எழுதுங்கள். நம் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள் சட்டமன்றப் பேரவைக் குறிப்புகளில் தூங்குகின்றன. யார் எதைக் கேட்டார்கள், யார் எப்போது மௌனமாக இருந்தார்கள் என்று தேடி எடுத்துத் தொகுப்பதை இந்த அமைப்பின் வேலையாக எடுத்துக்கொள்வோம்.

அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவர் தெக்கலூருக்கு வந்தாலும் சோமனூருக்கு வந்தாலும், அவர் எந்தச் சாதியானாலும், நம் வளவில் உட்கார வைப்போம். நம் வட்டிலில் சோறு போடுவோம். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு கேள்வி கேட்போம்: நம் பிள்ளைகளின் பள்ளியில் அடுப்பைப் பற்றவைப்பது யார்? அதைப் பற்றி அவையில் நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள்?